சும்மா இருக்கும்போதே பிளாஸ்மாஷெல் 35 சதவீதம்: எக்ஸ்எஃப்சிஇக்கு மாறிவிடவா?

மே 6, 2024, மாலை 6.15 (கேள்வி)

அண்ணா, குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அக்காவுக்கு பிளஸ் டூவில் கிடைத்த விலையில்லா லேப்டாப் இப்போது என்னிடம். 2 கோர், 4 ஜிபி ராம். குபுண்டு 22.04 (கேடிஇ டெஸ்க்டாப்போடு வரும் லினக்ஸ்) போட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஒரு வாரமாக, எதையும் திறக்காமல் வெறும் டெஸ்க்டாப்பாக இருக்கும்போதே ஃபேன் கத்துகிறது. டாப் (எது எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் கட்டளை) போட்டால் பிளாஸ்மாஷெல் 35 சதவீதம், எக்ஸார்க் 25, கேவின் 20. காலேஜில் என் நண்பன், "கேடிஇ என்றாலே கனம், எக்ஸ்எஃப்சிஇ போடு" என்கிறான், அது இன்னொரு டெஸ்க்டாப். மாறிவிடவா?

மே 6, இரவு 10.40 (பதில்)

மாறாதே. "ஒரு வாரமாக" என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு வருஷம் ஒழுங்காக ஓடிய கேடிஇ போன வாரம் திடீரென்று கனத்துவிட்டதா? நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அது என்னவென்று பார்க்காமல் வீடு மாறினால் மூட்டைப்பூச்சி கட்டிலோடு கூடவே வரும்.

முதலில் அந்த எண்கள். டாப் காட்டும் சதவீதம் ஒரு கோருக்கு. உனக்கு 2 கோர், அதனால் மொத்தம் 200. மூன்றையும் கூட்டினால் 80, அதாவது 200ல் 80. டாப்பில் ஷிஃப்ட்டோடு ஐ அழுத்தினால் மொத்தத்தில் எவ்வளவு என்று மாறும், 40 சதவீதம் என்று வரும். எங்கள் கடை மெஷின் சும்மா இருக்கும்போது எல்லாம் சேர்ந்து 3ஐத் தாண்டாது. ஆக நீ சொல்லும் நோய் நிஜம்தான்.

எங்கள் வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். (கடைசியை 1981ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பக் கோட்டைக்குள் வந்ததோடு எடுத்துவிட வேண்டும்.) உன் லேப்டாப் அதற்குத் தலைகீழ். ஆள் இல்லை, வேலை மட்டும் நடக்கிறது.

என் சந்தேகம் பாலூ மேல். கோப்புகளுக்குள் இருப்பதை எல்லாம் படித்து அட்டவணை போடும் சாமான். தோட்டப்பாளையத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் சேர்த்து பதினைந்து வருஷக் கோப்புகள் ஒரே டிஸ்க்கில். புது மெஷினில் அதைச் செருகிய அன்று பாலூ நாள் முழுக்க அதைத் தின்றது. 2014ல் கேடிஇ 4.13ல் பாலூ வருவதற்கு முன் அதே வேலைக்கு நெப்போமுக் என்று ஒன்று இருந்தது. அதோடு ஒப்பிட்டால் பாலூ தங்கம். நெப்போமுக் கூட வரும் விர்ச்சுவோசோ என்ற தரவுத்தளம் அரைத்த அரைப்பில் ஒரு மெஷினையே லினக்ஸிலிருந்து திரும்பக் கொண்டுபோனேன்.

"பாலூசிடிஎல் ஸ்டேட்டஸ்" அடித்து என்ன வருகிறது என்று சொல். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், போனில் விசைப்பலகை மாற்றிக்கொண்டே இருக்கச் சோம்பல். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடி.

மே 7, காலை 7.05

ராத்திரி எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். கேள்வியை இப்போதுதான் கண் திறந்து படித்தேன். பாலூ ஓடினால் பட்டியலில் பாலூ என்ற பெயரிலேயே வரும். பிளாஸ்மாஷெல் பெயரில் ஏன் வரப்போகிறது? அதோடு பாலூவின் எக்ஸ்ட்ராக்டர் தன் முன்னுரிமையைத் தானே கடைசிக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவது. டாப்பின் மேல் வரியில் என்ஐ என்ற எண் ஏறியிருந்தால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். என் பழைய பகையைத் தூக்கி உன் மெஷின் மேல் போட்டுவிட்டேன்.

மே 7, இரவு 9.50

பாலூ சும்மா இருக்கிறது என்று கேள்வி கேட்ட தம்பி சொல்லிவிட்டான். சரி.

இன்று கடையில் உட்கார்ந்து யோசித்தேன். மூன்றும் சேர்ந்து ஏறுவதுதான் விஷயம். பிளாஸ்மாஷெல் என்பது பேனல், மெனு, கடிகாரம், வால்பேப்பர் எல்லாம். அதில் ஏதாவது ஒரு மூலை மாறினால் அது வரைந்து எக்ஸார்க்கிடம் கொடுக்கும், கேவின் எடுத்து ஜன்னல்களோடு சேர்த்துத் திரையில் ஒட்டும். பந்தியில் ஒருத்தர் விடாமல் ரசம் கேட்டுக்கொண்டிருந்தால் பரிமாறுபவரும் ஓடுவார், பின்கட்டிலிருந்து வாளி தூக்கி வருபவரும் ஓடுவார். வேர்த்து வழிபவரைப் பிடித்து "நீதான் காரணம்" என்றால் எப்படி? கேட்டவர் இலை முன்னால் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார்.

ஆக, திரையில் எதுவோ விடாமல் அசைகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருக்கலாம்.

சோதனை: டெர்மினலை முதலில் திறந்து வை, பேனல் போனபின் மெனு இருக்காது. "கேக்விட்ஆப்5 பிளாஸ்மாஷெல்" அடி. பேனலும் வால்பேப்பரும் மறையும், பயப்படாதே, திறந்த ஜன்னல்கள் எதுவும் மூடாது. டாப்பைப் பார். பிறகு "கேஸ்டார்ட்5 பிளாஸ்மாஷெல்" அடித்தால் எல்லாம் திரும்ப வரும். (பிளாஸ்மா 6 பிப்ரவரி 28 அன்று வந்துவிட்டது, அதில் இந்தப் பெயர்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. 22.04ல் இருப்பது 5.24, அதனால் இங்கே 5தான்.)

மே 8, மதியம் 2.30

கரண்ட் இல்லை, போனில் எழுதுகிறேன். இதற்கும் உன் கேள்விக்கும் சம்பந்தமில்லை.

2018ல் கடை மெஷினில் ஒரு கூத்து. எந்த மென்பொருளைத் திறந்தாலும் பத்து பன்னிரண்டு விநாடி ஒரு கோர் 100ல் நிற்கும், அப்புறம்தான் ஜன்னல் வரும். திறந்தபின் பிரச்சினை இல்லை. டிடிபி கடை என்பதால் எழுத்துருக்கள் ஆயிரக்கணக்கில். யூனிகோடுக்கு முந்தைய காலத்து எழுத்துருக்களை இன்னும் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், எதையும் தூக்கிப் போட முடியாது. அதனால்தான் என்று பாதியை அழிக்கவே உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் பார்த்தால், வீட்டு ஃபோல்டரின் கேஷுக்குள் எழுத்துருப் பட்டியலைச் சேமிக்கும் ஃபாண்ட்கான்ஃபிக் என்ற ஃபோல்டர் ரூட் (நிர்வாகி) பெயரில் இருந்தது. என்றோ ஒரு நாள் அவசரத்தில் ஒரு எடிட்டரை சூடோ போட்டு, அதாவது ரூட் அதிகாரத்தில், திறந்திருக்கிறேன். உபுண்டு 19.10க்கு முன்பு சூடோ போட்டாலும் வீட்டு ஃபோல்டர் நம்முடையதாகவே எண்ணிக்கொள்ளும். அது அங்கே ரூட்டின் கையெழுத்தைப் போட்டு வைத்துவிட்டது. அதன்பின் புது எழுத்துரு சேர்த்த நாளிலிருந்து, திறக்கும் ஒவ்வொரு மென்பொருளும் எல்லா எழுத்துருவையும் முதலிலிருந்து எண்ணும், எண்ணியதை எழுதி வைக்கப் போகும், அனுமதி இல்லை என்று திரும்பும். அடுத்தது வந்து மறுபடி முதலிலிருந்து எண்ணும். கோப்பின் உரிமையாளரை மாற்றும் "சௌன்" கட்டளை ஒன்றிலேயே தீர்ந்தது. அதற்குள் நான் அழித்த எழுத்துருக்களில் சிலது இன்னும் கிடைக்கவில்லை.

மே 9, இரவு 11.10

தம்பி சோதனை செய்துவிட்டான். பிளாஸ்மாஷெல்லை நிறுத்தியதும் மூன்றும் சேர்ந்து 2க்கு இறங்கியது. திரும்பக் கொண்டுவந்தால் பழையபடி. புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்தும் பார்க்கச் சொன்னேன், அங்கே அமைதி.

ஆக கேடிஇ மேல் குற்றம் இல்லை, அவனுடைய அமைப்பு மேல்தான். கான்ஃபிக் ஃபோல்டரில் பிளாஸ்மா டெஸ்க்டாப் ஆப்லெட்ஸ்ஆர்சி என்று முடியும் நீளப் பெயர்க் கோப்பு ஒன்று இருக்கும். பேனல் எங்கே, எந்த விட்ஜெட் எங்கே என்பதெல்லாம் அதில்தான். அதை ஓரமாக நகர்த்திவிட்டு மறுபடி உள்ளே வா.

மே 10, இரவு 10.20

தப்பு. அவனுடைய பேனல், ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து அடுக்கியது, எல்லாம் போய் புது மெஷின் மாதிரி நிற்கிறது. பிளாஸ்மாஷெல் இன்னும் 35.

நகர்த்து என்றுதான் எழுதினேன். அவன் அழித்திருக்கிறான். இருந்தாலும் தப்பு என்னுடையதுதான், முதலில் நகல் எடு என்று எழுதியிருக்க வேண்டும்.

எங்கே சறுக்கினேன் என்றால், பிளாஸ்மாஷெல்லை நிறுத்தியதும் சரியாகிவிட்டது என்பதற்காக அதையே குற்றவாளி ஆக்கிவிட்டேன். ரசம் கேட்டவரைப் பற்றி நானே எழுதிவிட்டு, மூன்றாம் நாள் பரிமாறுபவரைப் பிடித்தேன். பரிமாறுபவர் போய்விட்டால் கேட்பவர் எவ்வளவு கேட்டாலும் ஓட்டம் இருக்காது அல்லவா. புது பயனர் கணக்கில் அமைதியாக இருந்ததும் அப்படித்தான். அங்கே கேட்பவர் வரவே இல்லை.

சரி, வேறு வழி. சிஸ்டம் செட்டிங்ஸில் டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ் போ. ஷோ பெயிண்ட் என்று ஒன்று இருக்கும், அதை டிக் செய். திரையில் எந்த இடம் மறுபடி வரையப்படுகிறதோ அந்த இடம் மட்டும் வண்ணம் மாறி மாறி மின்னும். டாப் ஓடும் ஜன்னல் 3 விநாடிக்கு ஒருமுறை மின்னும், அது அதன் வேலை. கடிகாரத்தில் விநாடி வைத்திருந்தால் அது விநாடிக்கு ஒருமுறை. இவை தவிர எது மின்னுகிறது என்று மட்டும் பார். மவுஸைத் தொடாதே, அது மேலே போகும் பட்டன்களும் மின்னும்.

மே 12, காலை 9.15

ஞாயிற்றுக்கிழமை. இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள்.

காட்பாடியிலிருந்து ஒருவர்: விர்ச்சுவல் மெஷினுக்குள் கேடிஇ, கேவின் மட்டும் 150. அவருக்குப் பதில் சுலபம். "ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ ஹைஃபன் பி" (பி பெரிய எழுத்தில்) அடித்து ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கிராபிக்ஸ் சிப்பின் வேலையையும் சிபியுவே செய்கிறது. விர்ச்சுவல் மெஷினின் அமைப்பில் 3டி வசதியைத் திறந்துவிடுங்கள், அவ்வளவுதான்.

இன்னொருவர்: லோடு ஆவரேஜ் 6 காட்டுகிறது, ஆனால் பட்டியலில் யாருமே சிபியு தின்னவில்லை, எப்படி? இதை நான் அனுபவித்திருக்கிறேன். லினக்ஸில் லோடு ஆவரேஜ் சிபியுவுக்குக் காத்திருப்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை, டிஸ்க் பதில் சொல்லட்டும் என்று அசையாமல் நிற்பவர்களையும் எண்ணும். டாப்பில் அவர்கள் நிலை டி என்று இருக்கும், மேல் வரியில் டபிள்யூஏ ஏறியிருக்கும். எனக்கு அது நடந்தபோது "இன்னும் கொஞ்சம் ராம் போட வேண்டும்" என்று நினைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன். மூன்றாம் வாரம் டிஸ்க் போயிற்று. ஒரு ஆவணி முகூர்த்தத்துப் பத்திரிகைகள் மொத்தத்தையும் அச்சான தாளைப் பார்த்து மறுபடி தட்டினேன். ஐயா, இன்றே நகல் எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மே 14, காலை 8.00

தம்பியிடமிருந்து சத்தமில்லை. இன்று வைகாசி ஒன்று, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. குடியாத்தமே தெருவில் நிற்கும், எவன் ஷோ பெயிண்ட் பார்ப்பான்.

மே 16, இரவு 9.30

பிடித்தாயிற்று.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு சதுரம் நிறுத்தாமல் மின்னுகிறதாம். கோப்புகளை இணையத்தில் நகல் வைக்கும் மென்பொருள் ஒன்றின் ஐகான். இரண்டு அம்புகள் வட்டமாகச் சுற்றும், "அனுப்பிக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கு அடையாளமாக. ஒவ்வொரு சுற்றுக்கும் அது புது ஐகானை டிபஸ் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் தடம்) வழியாக அனுப்ப, சிஸ்டம் ட்ரே (கடிகாரத்துக்குப் பக்கத்து ஐகான் வரிசை) வாங்கி வரைய, பந்தி முழுக்க ஓட்டம். அந்த மென்பொருள் பட்டியலில் 3 சதவீதத்தில் எங்கோ கீழே உட்கார்ந்திருந்தது. டாப்பில் முதல் பத்து பெயரோடு நிறுத்தியதால் இருவருமே பார்க்கவில்லை.

ஏன் நிறுத்தாமல் சுற்றுகிறது? இரண்டு வாரம் முன்பு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்து செமஸ்டர் நோட்ஸை அந்த ஃபோல்டருக்குள் சூடோ போட்டு நகலெடுத்திருக்கிறான். அனுமதி இல்லை என்று வந்ததாம், யாரோ சூடோ போடச் சொன்னார்களாம். கோப்புகள் ரூட் பெயரில் விழுந்தன. மென்பொருள் படிக்கப் போகும், அனுமதி இல்லை, திரும்பும், மறுபடி போகும்.

மே 8 அன்று "சம்பந்தமில்லை" என்று எழுதியது நான்தான். எழுத்துருக் கதையில் இருந்த அதே வியாதி. அதே "சௌன்" கட்டளை. அம்பு நின்றது, பிளாஸ்மாஷெல் 1, மற்ற இரண்டும் பட்டியலிலேயே இல்லை.

எக்ஸ்எஃப்சிஇக்கு மாறியிருந்தால் அதே ஐகான் அங்கேயும் பேனலில் வந்து சுற்றியிருக்கும்.

மே 17, இரவு 10.00

சந்தோஷம் ஒரு நாள்தான். "அண்ணா, இப்போது எண் எல்லாம் சரி, ஆனால் ஃபேன் கத்துவது நிற்கவில்லை. மதியத்தில் ஒரு வீடியோ போட்டாலே திணறுகிறது, காலையில் அதே வீடியோ நன்றாக ஓடுகிறது" என்கிறான்.

காலை, மதியம் என்று பிரிந்துவிட்டால் மென்பொருளை விட்டுவிட வேண்டும். இது கத்திரி வெயில், மேயில் நம் மாவட்டத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. "சென்சர்ஸ்" அடித்து வெப்பம் பார். ப்ராக் ஃபோல்டரில் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்து மெகாஹெர்ட்ஸ் வரியையும் பார், காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை.

மே 18, மாலை 4.45

காலை 61 டிகிரி, 1,600 மெகாஹெர்ட்ஸ். மதியம் 94 டிகிரி, 800. வீடியோ காலையில் 38 சதவீதம், மதியம் 74.

சூடு தாங்காமல் சிபியு தன் வேகத்தைத் தானே பாதியாக்கிக்கொள்கிறது. சதவீதம் என்பது எவ்வளவு வேலை நடந்தது என்ற கணக்கு அல்ல, எவ்வளவு நேரம் ஓய்வில்லாமல் இருந்தது என்ற கணக்கு. பாதி வேகத்தில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு நேரம், அதனால் எண் இரண்டு மடங்கு. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள் நான் 200ல் 80 என்று கணக்குப் போட்டுக் காட்டியபோது, எந்த வேகத்தில் 80 என்று கேட்கவே இல்லை.

நாளைக்கு வேலூர் வருகிறானாம். லேப்டாப்பை எடுத்துவரச் சொன்னேன்.

மே 19, இரவு 9.00

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேசை மேல் வைத்துக் கழற்றினோம். ஸ்க்ரூக்களை வெள்ளைத் தாளில், எங்கிருந்து எடுத்தோமோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தோம், நீளம் வேறு வேறு, மாற்றிப் போட்டால் மேல் மூடி துளைந்துவிடும். முதலில் பேட்டரி கனெக்டர். அப்புறம் ஃபேன்.

ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு பட்டை. தூசி என்று சொல்ல மாட்டேன், துணி என்றே சொல்லலாம். ட்வீசரில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுசாக வந்தது. டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால் நீலமும் மெரூனும் பச்சையுமாக இழை இழையாகத் தெரிகிறது.

"வீட்டில் தறி இருக்கிறதா தம்பி?"

இருக்கிறதாம். அப்பா லுங்கி நெய்கிறார். தறி இருக்கும் கூடத்தில்தான் இவன் உட்கார்ந்து படிக்கிறான். பல வருஷப் பஞ்சு, ஃபேன் காற்றில் இழுத்து, கட்டம் போடாத லுங்கியாக உள்ளே நெய்து வைத்திருக்கிறது.

ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு ரீஃபில் நுனியால் பிடித்துக்கொண்டோம், காற்றில் அதைச் சுற்ற விட்டால் பேரிங் கெடும். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்து, அரிசி அளவு புதிது வைத்தோம். மூடி, அதே வீடியோ. 67 டிகிரி, 1,600, 37 சதவீதம். மணி பிற்பகல் மூன்று, வெளியே தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது.

முதல் நோட்டில் "நடுவில் ஏதோ நடந்திருக்கிறது" என்று பெரிதாக எழுதினேன். அது அம்பு ஐகானுக்குப் பொருந்தும். ஃபேனுக்குப் பொருந்தாது. அது மாதக்கணக்காகக் கத்தியிருக்கிறது, தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பேனலைத் திரும்ப அடுக்கிக் கொடுத்தேன். பழைய மாதிரி வரவில்லை என்கிறான், கொஞ்சம் கோபம் இன்னும் இருக்கிறது.

ஜூன் 2, இரவு 10.15

எக்ஸ்எஃப்சிஇக்கு மாறச் சொன்ன அந்த நண்பன் இன்று தம்பி மூலமாக வந்து நிற்கிறான். அவனுடைய எக்ஸ்எஃப்சிஇயில் டம்ளர்டி என்று ஒன்று 98 சதவீதமாம்.

டீ டம்ளர் இல்லையப்பா, படங்களுக்கும் வீடியோவுக்கும் சின்ன முகப்புப் படம் தயாரிக்கும் ஆள் அது. பாதி இறங்கிய வீடியோ ஏதாவது டவுன்லோட்ஸில் கிடக்கும், அதை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ப்ராக் ஃபோல்டரில், டாப்பில் பிஐடி என்று வரும் அதன் எண்ணுள்ள ஃபோல்டருக்குள் எஃப்டி என்ற ஃபோல்டரைப் பார், எந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பெயரோடு இருக்கும். அதை அழி. அழிப்பதற்கு முன் நகல் எடு. எதற்கும் சொல்லிவைக்கிறேன்.